அணைத்த எஞ்சின் லைட் மூன்றாம் நாள் திரும்பி வந்தால் எங்கே தேடுவது?

கேள்வி சுருக்கமாக: 2005 டொயோட்டா வியோஸ் 1.5, ஆட்டோ. பினாங்கில் தினமும் ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மேடேறி பாயான் லெப்பாஸ் போய்வருகிறது. எஞ்சின் லைட் எரிந்ததும் பட்டறையில் மெஷின் போட்டுப் பார்த்து பி0171 என்ற கோளாறு எண்ணைச் சொல்லி, முன் ஆக்சிஜன் சென்சாரை மாற்றி, லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் மறுபடியும் எரிகிறது. இப்போது "கேட்டலிட்டிக் (எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தமாக்கும் பாகம்) போயிருக்கும், இல்லையென்றால் இசியூ (எஞ்சினை நடத்தும் கணினி)" என்கிறார்கள். ஓட்டத்தில் பெரிய குறை இல்லை; காலையில் முதல் சிக்னலில் நிற்கும்போது மட்டும் வண்டி லேசாக நடுங்குகிறது. அடுத்து என்ன செய்வது?

கேட்டலிட்டிக்கையும் இசியூவையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பாதி விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: "மூன்றாம் நாள்", "காலையில் மட்டும் நடுக்கம்".

முதலில் அந்த மூன்று நாள். வயர் அறுந்தது, சென்சார் ஷார்ட் ஆனது போன்ற மின்சாரக் கோளாறு என்றால், லைட்டை அணைத்த பிறகு பெரும்பாலும் சாவியைப் போட்ட உடனே அல்லது முதல் ஓட்டத்திலேயே திரும்ப எரிந்துவிடும். பி0171 அப்படி வருவதில்லை. எஞ்சினுக்குப் போகும் கலவையில் எண்ணெய் (பெட்ரோல்) குறைவாகவும் காற்று அதிகமாகவும் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். சென்சார் அப்படிச் சொல்லும்போது இசியூ உடனே லைட்டைப் போடாது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சமாளிக்கும். அந்தத் திருத்தத்தை நினைவில் எழுதி வைத்துக்கொள்ளும். திருத்தம் எல்லையைத் தாண்டினால்தான் புகார், அதுவும் பெரும்பாலும் அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் தாண்ட வேண்டும். மெஷினில் அந்தக் கோளாறு எண்ணை, அதாவது கோடை (code), அழித்தபோது அந்த நினைவும் சேர்ந்து பூஜ்யமாகிவிட்டது. இசியூ மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொண்டு எல்லைக்கு வர எடுத்த நேரம்தான் அந்த மூன்று நாள். ஆக, பழைய கோளாறு அப்படியே இருக்கிறது.

ஆக்சிஜன் சென்சார் இதில் சேதி கொண்டுவந்த ஆள்தான். அதன் ஹீட்டர் போயிருந்தால் பி0135 வந்திருக்கும். வேகம் குறைந்திருந்தால் பி0133. பி0171 மட்டும் தனியாக வந்தால் சென்சாரை மாற்றுவது, காய்ச்சல் என்று காட்டிய தெர்மாமீட்டரை மாற்றுவது போலத்தான்.

அடுத்து, காலை நடுக்கம். குளிர்ந்த எஞ்சினில் இசியூ இன்னும் சென்சாரின் பேச்சைக் கேட்கத் தொடங்கியிருக்காது. தன் கணக்குப்படி எண்ணெய் ஊற்றும். எங்கோ ஒரு ஓட்டை வழியே கணக்கில் வராத காற்று நுழைந்தால் கலவை மெலிந்து எஞ்சின் நடுங்கும். சூடேறியதும் திருத்தம் வேலை செய்யத் தொடங்கும், நடுக்கம் மறைந்துவிடும். இரவில் விறைத்த பழைய ரப்பர் சூட்டில் இளகுவதும் இதற்குத் துணை. எனவே சந்தேகத்தின் முதல் இடம் காற்றுக் கசிவு. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பாகம் வாங்கக் கூடாது; அதை எண்ணால் உறுதி செய்ய முடியும்.

அதற்கு முன் ஒன்று: லைட்டை மறுபடி அணைக்கவேண்டாம், பேட்டரி வயரையும் கழற்றவேண்டாம். கோடு பதிவான அந்த நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்பதை இசியூ படம்பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பது அதுதான். தண்ணீர் வெப்பம், ஆர்பிஎம், வேகம், லோடு (எஞ்சின் சுமை), எரிபொருள் திருத்தம் எல்லாம் அதில் இருக்கும். ஆர்பிஎம் 700, வேகம் 0 என்றிருந்தால் கோளாறு ஐடலில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது. ஆர்பிஎம் 3000, லோடு 80 சதவீதம் என்றால் மேடேறும்போது. கோடை அழிக்கும் போமன் (பட்டறை மெக்கானிக்) இந்தச் சாட்சியையும் சேர்த்து அழிக்கிறார். போமன்கள்மீது எனக்குள்ள பெரிய வருத்தமே இதுதான்.

கருவி: கார் சாக்கெட்டில் செருகும் இஎல்எம்327 புளூடூத் அடாப்டர் போதும், போனில் ஒரு ஆப் போட்டால் திருத்த எண்கள் ஓடும்போதே தெரியும். வாங்கும்போது கவனம். 2005 காலத்து வியோஸின் இசியூ பேசுவது புதுக் கார்களின் கேன் மொழி அல்ல, பழைய கே-லைன். மலிவான அடாப்டர்களில், குறிப்பாக 2.1 என்று போட்டு விற்பவற்றில், இந்தப் பழைய மொழி பலசமயம் வேலை செய்யாது. புது மைவி காரில் நன்றாக ஓடும் அதே அடாப்டர் உங்கள் காரில் "இணைக்க முடியவில்லை" என்று சொன்னால் இசியூ போச்சு என்று பதறவேண்டாம். 1.5 என்று விற்கப்படும் வகையை, ஐஎஸ்ஓ 9141 (அந்தப் பழைய மொழி) ஆதரவு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

கருவியே இல்லையென்றாலும் வழி உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 துளை சாக்கெட்டில் மேல்வரிசை 1 முதல் 8, கீழ்வரிசை 9 முதல் 16. நாலாவது துளையையும் பதின்மூன்றாவது துளையையும் ஒரு சிறு வயரால் இணைத்து, எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால், இந்தத் தலைமுறை டொயோட்டாக்கள் பலவற்றில் எஞ்சின் லைட் கண்சிமிட்டியே எண்ணைச் சொல்லும். இரண்டு சிமிட்டல், சிறு இடைவெளி, ஐந்து சிமிட்டல் என்றால் 25, கலவை மெலிவு. நிற்காமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோடு எதுவும் இல்லை. கீழ்வரிசையின் கடைசித் துளையான 16-இல் பேட்டரி கரண்ட் நேரடியாக வருகிறது. அதைத் தொட்டால் ஃபியூஸ் போகும். இருமுறை எண்ணிப் பார்த்துச் செருகுங்கள்.

இனி திருத்த எண்கள். ஆப்பில் இரண்டு இருக்கும்: குறுங்காலத் திருத்தம், நெடுங்காலத் திருத்தம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பிளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் ஆரோக்கியம். பிளஸ் 20, 25-க்கு மேல் போனால் பி0171 வாசலில் நிற்கிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு மூன்று நிலைகளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஏர்கான் அணைத்து ஐடலில், நின்ற இடத்திலேயே 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்து, பிறகு பாயா தெருபோங் மேட்டில் பாதிக்கு மேல் மிதித்து ஏறும்போது. மூன்றாவதைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்து எழுதட்டும். அந்த வளைவுகளில் போனைப் பார்த்துக்கொண்டு ஓட்ட முடியாது.

ஐடலில் பிளஸ் 22, 2500-இல் பிளஸ் 6 என்று இறங்கினால் காற்றுக் கசிவு. கணக்கு எளிது. 1.5 லிட்டர் எஞ்சின் ஐடலில் நொடிக்குச் சுமார் 2 கிராம் காற்று இழுக்கிறது. கசிவு வழியே 0.4 கிராம் திருட்டுத்தனமாக நுழைந்தால் அது 20 சதவீதம். 2500-இல் காற்று 7 கிராம் அளவுக்கு ஏறும்போது அதே 0.4 கிராம் 6 சதவீதம்கூட இல்லை. உள்ளே வெற்றிடம் குறையும்போது கசிவும் சுருங்கும். மேட்டில் ஏறும்போது திருத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கே வந்துவிடும்.

தலைகீழாக, ஐடலில் பிளஸ் 6, மேட்டில் பிளஸ் 25 என்றால் கசிவைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்; ஒன்று காற்றை அளக்கும் மாஃப் சென்சார் குறைத்துச் சொல்கிறது, அல்லது எண்ணெய் போதிய அளவு வரவில்லை. மூன்று நிலையிலும் ஒரேமாதிரி உயர்ந்திருந்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான், பெரும்பாலும்.

உங்கள் அறிகுறிக்கு முதல் வகைதான் பொருந்துகிறது, ஆகவே கசிவைத் தேடும் முறையை விரிவாகச் சொல்கிறேன். எஞ்சின் அணைந்து ஆறியிருக்கும்போது ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டிலுக்கு (காற்றைத் திறந்து மூடும் வால்வு) போகும் மடிப்பு ரப்பர் குழாயில் தொடங்குங்கள். மாஃப் சென்சார் ஃபில்டர் பெட்டியின் வாயில் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டி எங்கே காற்று நுழைந்தாலும் கணக்கில் வராது. குழாயை அதன் இடத்தில் வைத்தே பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வது பெரிய தவறு. இரண்டு கிளாம்பையும் தளர்த்தி, பக்கத்தில் சொருகியிருக்கும் சிறு குழாயைப் பிடுங்கி, முழுதாக வெளியே எடுங்கள். துடைத்துவிட்டு, அகார்டியன் போல இழுத்து, மடிப்புப் பள்ளங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் பள்ளத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாத கீழ்ப்பக்கத்தில்தான் விழும். குழாய் தளர்ந்திருக்கும்போது உதடு மூடியது போல மூடிக்கொள்ளும், கியர் போட்டு எஞ்சின் ஒரு பக்கம் சாயும்போது திறக்கும். டி-யில் பிரேக்கை மிதித்து நிற்கையில் நடுக்கம் கூடி, என்-னுக்கு மாற்றினால் குறைகிறது என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். டேப் சுற்றி ஓட்டுவது ஒரு வாரச் சோதனைக்குச் சரி, தீர்வு அல்ல. எண்ணெய்ப் பசையில் டேப் நிற்காது.

அடுத்தது பிசிவி வால்வு, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி காற்றுப் பாதைக்கு அனுப்புவது. வால்வு கவரில் சொருகியிருக்கும் சின்ன உருளை. கழற்றிக் குலுக்கினால் உள்ளே கடகட என்று சத்தம் வரவேண்டும். அதைவிட முக்கியம் அது உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். இருபது வருடச் சூட்டில் பிளாஸ்டிக் போல இறுகி விரிசல் விட்டிருக்கும். வால்வும் வளையமும் மலிவு. கழற்றினாலே வளையம் உடைய வாய்ப்பிருப்பதால் முதலில் வாங்கி வைத்துக்கொண்டு கை வையுங்கள். இன்னொரு சோதனை: ஐடலில் எஞ்சின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். இந்த வகை எஞ்சினில் ஐடல் தடுமாற வேண்டும். ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்தப் பாதையில் ஏற்கெனவே எங்கோ காற்று நுழைகிறது. டிப்ஸ்டிக் ஓ-ரிங், வால்வு கவர் கேஸ்கெட் இரண்டையும் பாருங்கள்.

எஞ்சினின் வெற்றிடத்தால் பிரேக்குக்கு வலுக் கொடுக்கும் பிரேக் பூஸ்டரை வண்டிக்குள் இருந்தே சோதிக்கலாம். திருத்த எண்ணைப் பார்த்துக்கொண்டே பிரேக்கை அழுத்திப் பிடியுங்கள். எண் ஏறினால், அல்லது பெடல் அடியில் ஸ்ஸ் என்று காற்றுச் சத்தம் கேட்டால், பூஸ்டர் கசிகிறது. அது எஞ்சின் லைட் விஷயம் மட்டுமல்ல, பிரேக் விஷயம், தள்ளிப்போட வேண்டாம்.

மிச்சம் இன்டேக் மேனிஃபோல்ட் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரிக்கும் குழாய்த் தொகுதி) கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங். பல பட்டறைகளில் கார்ப் கிளீனரை இங்கெல்லாம் பீச்சியடித்து ஐடல் மாறுகிறதா என்று பார்ப்பார்கள். வேலை செய்யும், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் இருக்கிறது. தீப்பிடித்தால் அணைக்க நேரம் இருக்காது. பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் போதும். சந்தேகமான இணைப்பில் மெல்லிய சாரலாக அடித்தால், கசிவை ஒரு நொடி தண்ணீர் அடைக்கும், ஐடல் மாறும், குறுங்காலத் திருத்தம் சட்டென்று இறங்கும். இக்னிஷன் காயில்கள்மீது மட்டும் படவேண்டாம். எதுவும் சிக்கவில்லையென்றால் ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் பட்டறையில் புகை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தேவையில்லாமல் இன்னொரு சென்சார் வாங்குவதைவிட அது மேல். மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிந்தால் நட்டை இறுக்கிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ரப்பர் செத்த பிறகு இறுக்கிப் பயனில்லை, பிளாஸ்டிக் மேனிஃபோல்ட்தான் வெடிக்கும்.

எண்கள் இரண்டாம் வகையைக் காட்டினால் மாஃப் சென்சாரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு ஸ்குரூ, ஒரு பிளக். மாஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்பிரேயை மட்டும் பயன்படுத்துங்கள்; கார்ப் கிளீனர் வேண்டாம், பஞ்சு, பிரஷ், விரல் எதுவும் உள்ளிருக்கும் மெல்லிய கம்பியில் படக்கூடாது. பத்துப் பதினைந்து தடவை பீச்சி, முழுதாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். சத்தத்துக்காக ஓப்பன் பாட் ஃபில்டர் போட்டு அதற்கு ஆயில் பூசியிருந்தால், அந்த ஆயில் கம்பியில் படிந்து இதே கோளாறைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும். சுத்தம் செய்தும் மாறாவிட்டால் எண்ணெய் அழுத்தத்தை அளக்கவேண்டும். இந்த எஞ்சினுக்கு 44 முதல் 50 பிஎஸ்ஐ. குறைந்தால் டேங்குக்குள் இருக்கும் பம்பும் அதன் வடிகட்டியும். எண்ணெய் முள் எப்போதும் அடியிலேயே கிடக்கும் காரில் பம்ப் சீக்கிரம் போவது வழக்கம், பம்பைக் குளிரவைப்பதே அந்த எண்ணெய்தான். ரோன் 97 (ஆக்டேன் கூடிய பெட்ரோல்) ஊற்றினால் லைட் அணையும் என்று யாராவது சொன்னால் காசை மிச்சப்படுத்துங்கள். ஆக்டேன் எண்ணுக்கும் கலவை மெலிவுக்கும் தொடர்பில்லை.

இரண்டுமே இல்லையென்றால், சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் கசிவு இருக்கிறதா பாருங்கள். வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை சரியாக இருந்தும் சென்சார் மெலிவு என்று சொல்லும். குளிர் ஸ்டார்ட்டில் டிக் டிக் என்று கேட்டு, சூடேறியதும் நின்றால் அதுதான். எக்ஸ்ட்ராக்டர் (எஞ்சினையொட்டிய எக்ஸாஸ்ட் குழாய்) மாற்றிய கார்களில் இது சகஜம். ஒரு பிளக் சரியாகச் சுடாவிட்டாலும் (மிஸ்ஃபயர்) எரியாத ஆக்சிஜன் சென்சாருக்குப் போய் இதே புகார் வரும். அப்போது பி0300 அல்லது பி0301 முதல் பி0304 வரை ஏதாவது ஒன்று கூடவே வரும். பி0303 வந்தால் மூன்றாவது காயிலை ஒன்றாவதோடு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். கோடு பி0301-க்கு இடம்மாறினால் காயில், மாறாவிட்டால் பிளக் அல்லது இன்ஜெக்டர். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். ஸ்னோ வாஷ் கடையில் எஞ்சினைத் தண்ணீர் அடித்துக் கழுவிய மறுநாள் இது வந்தால், காயில் குழிகளில் தேங்கிய தண்ணீரை முதலில் ஊதிக் காயவையுங்கள்.

கடலோரத்தில் ஓடும் காருக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் எர்த் இணைப்புகள் பச்சை பூத்திருக்கும். எஞ்சின் ஓட, ஹெட்லைட்டும் ஏர்கானும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயரைக் கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுங்கள். சென்சார்கள் மில்லிவோல்ட்டில் பேசும்போது எர்த் சரியில்லாவிட்டால் ஒவ்வொரு சென்சாரும் கொஞ்சம் பொய் சொல்லும். இதைப் பார்க்காமல் "இசியூ போச்சு" என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள். பொத்தோங் கடையில் (பழைய கார் பாகம் விற்கும் கடை) இசியூ வாங்கிப் போட்டாலும், இம்மொபிலைசர் (சாவியைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பு) உள்ள காரில் சாவி பொருந்தாமல் ஸ்டார்ட் ஆகாது.

கேட்டலிட்டிக் பற்றி: அதற்கான கோடு பி0420. உங்களுக்கு அது வரவில்லை. இடித்து வெற்றுக் குழாயாக்கிவிடலாம் என்று சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கேட்டலிட்டிக்குக்குப் பின்னாலும் ஆக்சிஜன் சென்சார் உள்ள காரில் அப்போதுதான் பி0420 நிரந்தரமாக வந்து உட்காரும். நெடுநாள் மெலிந்த கலவையோடும் மிஸ்ஃபயரோடும் ஓட்டினால் நல்ல கேட்டலிட்டிக்கும் கெடும், அதனால் மாதக்கணக்கில் இப்படியே ஓட்டவும் வேண்டாம்.

லைட் நிலையாக எரிந்தால் வேலைக்குப் போய்வரலாம். கண்சிமிட்டத் தொடங்கினால் மட்டும் விதி வேறு: மிஸ்ஃபயரில் எரியாத எண்ணெய் கேட்டலிட்டிக்குக்குள் போய் எரிகிறது என்று பொருள். மிதியைத் தளர்த்தி, ஓரமாக நிறுத்துங்கள்.

பழுதைச் சரிசெய்த பிறகு கோடை அழிக்கலாம், ஃப்ரீஸ் ஃப்ரேமைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு. பின்பு குளிர்ந்த எஞ்சினில் தொடங்கி, மூன்று நிமிடம் ஐடல் விட்டு, பினாங்குப் பாலத்தில் 70-இல் சீராக ஒருமுறை போய் வாருங்கள். 13.5 கிலோமீட்டர், நெரிசல் இல்லாத நேரத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே வேகம் கிடைக்கும், அங்கே வரம்பே 80 என்பதால் யாரும் பின்னால் ஹாரன் அடிக்க மாட்டார்கள். திரும்பி வந்து ஐடலில் திருத்தத்தைப் பாருங்கள். கூட்டுத்தொகை 10-க்குக் கீழே நின்று, அடுத்த ஒரு வாரத்துக்கு அங்கேயே இருந்தால் வேலை முடிந்தது. லைட் எரியாமலே 15, 18 என்று தினமும் ஏறிக்கொண்டிருந்தால், எரியும்வரை காத்திருக்காமல் மறுபடி அந்த மடிப்புக் குழாயிலிருந்து தொடங்குங்கள்.